தூத்துக்குடி பாய்லரும் நிலக்கரிப் புகையும்

2017 ஜனவரியில் தூத்துக்குடியின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. துறைமுகத்துக்காகவோ உப்பளத்துக்காகவோ இல்லை. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரியில் ஓடும் பாய்லரின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்து அதிலிருந்து சோடா ஆஷ் (கண்ணாடி செய்யப் பயன்படும் ரசாயனம்) தயாரிக்கிறார்கள், வருடத்துக்கு 60,000 டன் வரை பிடிக்கலாம், அரசாங்கத்திடம் மானியம் எதுவும் வாங்கவில்லை என்று பிபிசி எழுதியது. பின்னால் நம் ஊர்ப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புதுச் செய்தி மாதிரி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. கூடவே சித்தப்பாவின் கேள்வியும் வரும்: "ஏம்ப்பா, இதையே எல்லா அனல்மின் நிலையத்துலயும் மாட்டிட்டா வேலை முடிஞ்சுதே, ஏன் செய்ய மாட்டேங்கிறாங்க?"

நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் கெமிக்கல் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு உரத் தொழிற்சாலையின் அமோனியா பிளான்ட்டில் ஷிஃப்ட் பார்த்தேன், அதிலும் வாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கும் பகுதியில். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது புதுக் கண்டுபிடிப்பே இல்லை. ஆர். ஆர். பாட்டம்ஸ் என்ற அமெரிக்கர் அமீன் (அமோனியாவின் உறவுக்கார ரசாயனம்) கரைசலை வைத்து அமில வாயுக்களைப் பிரிக்கும் முறைக்கு 1930-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உயரமான ஒரு கோபுரம், அதற்குப் பெயர் அப்சார்பர். கீழேயிருந்து வாயு ஏறும், மேலேயிருந்து அமீன் கரைசல் இறங்கும், வழியில் அமீன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த கரைசலை இன்னொரு கோபுரத்துக்கு, அதாவது ஸ்டிரிப்பருக்கு அனுப்பி, 120 டிகிரி வாக்கில் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். காலியான அமீன் மறுபடி முதல் கோபுரத்துக்குப் போகும். சரக்கு லாரி மாதிரி ஏற்றுவதும் இறக்குவதும்தான் நாள் முழுக்க அதன் வேலை. எங்கள் ஆலையில் இப்படி இராப்பகலாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம், யாரும் எங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவில்லை.

அப்படியானால் அனல்மின் நிலையத்தில் என்ன சிக்கல்?

அமோனியா பிளான்ட்டில் வரும் வாயு ஏறக்குறைய 30 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 30 மடங்கில் வரும், அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு இருக்கும், தூசி கிடையாது, ஆக்சிஜன் கிடையாது, கந்தகத்தை முன்னாலேயே எடுத்திருப்பார்கள். நிலக்கரிப் பாய்லரின் புகையோ சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் வருகிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 14 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். அழுத்தம் குறைவு என்பதால் பிடிக்கும் வேகம் குறைவு, அதனால் கோபுரம் பெரிதாக வேண்டும், கரைசல் நிறைய வேண்டும். போதாக்குறைக்கு மிச்ச ஆக்சிஜன் அமீனைக் கெடுக்கும், கந்தக டை ஆக்சைடு அதோடு சேர்ந்து எத்தனை சூடாக்கினாலும் பிரியாத உப்பாக மாறிக் கரைசலை வீணாக்கும், பறக்கும் சாம்பல் உள்ளே போய் நுரை கிளப்பும். கோபுரத்துக்குள் நுரை கட்டினால் என்ன ஆகும் என்று அதை ஓட்டியவர்களுக்குத் தெரியும். அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போகும், நுரையடக்கி மருந்தை ஊற்றிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சுத்தமான வாயுவிலேயே எங்களுக்கு அந்தப் பாடு. சாம்பல் கலந்த புகையில் எப்படி இருக்கும்!

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் நீராவி. அமீன் பிடித்ததை விட வேண்டுமென்றால் வெப்பம் கொடுத்தாக வேண்டும். பழைய அமீன் என்றால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு மூன்றரை முதல் நான்கு ஜிகாஜூல், நல்ல புதிய கரைசல் என்றால் இரண்டரை பக்கம். அந்த வெப்பத்துக்கான நீராவி வானத்திலிருந்து வராது, டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவியில்தான் கை வைக்க வேண்டும். அப்புறம் பிடித்த வாயுவைக் குழாயில் அனுப்ப 100 பாருக்கு மேல் அழுத்த வேண்டும், அதற்குத் தனியாக மின்சாரம். எல்லாம் சேர்த்து ஒரு நிலக்கரி மின்நிலையம் தான் தயாரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை தன் புகையைச் சுத்தம் செய்யவே தின்றுவிடும். 500 மெகாவாட் யூனிட் என்றால் 100 மெகாவாட்டுக்கு மேல் போச்சு. அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் நிலக்கரி எரிக்க வேண்டும், அது இன்னும் கொஞ்சம் புகை. ஆய்வகங்களில் இருபது முப்பது வருடமாக நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒற்றை எண்ணைக் குறைக்கத்தான். குறைத்துமிருக்கிறார்கள். ஆனால் பூஜ்யமாக்க முடியாது, வெப்ப இயக்கவியல் அதற்கு இடம் கொடுக்காது.

இதை நிஜமான மின்நிலையத்தில் முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் கனடாக்காரர்கள். சஸ்காச்சுவன் மாகாணத்தில் எஸ்டெவன் ஊருக்குப் பக்கத்தில் பவுண்டரி டேம் மின்நிலையம், அதன் மூன்றாவது யூனிட், 2014 அக்டோபரில் ஆரம்பித்தது. பிடிக்கும் கருவி மாட்டிய பிறகு மின் உற்பத்தி சுமார் 110 மெகாவாட், நம் கணக்கில் சின்ன யூனிட். செலவு ஏறக்குறைய 150 கோடி கனடிய டாலர். வருடத்துக்குப் பத்து லட்சம் டன் பிடிப்போம் என்றார்கள். முதல் வருடம் பாதித் திறனைக்கூட எட்டவில்லை. சாம்பல் அமீனுக்குள் போனது, வெப்பமாற்றிகள் அடைத்துக்கொண்டன. அந்த வாயுவை வாங்குவதாக ஒப்பந்தம் போட்டிருந்த எண்ணெய் நிறுவனத்துக்கு, சொன்ன அளவு கொடுக்கவில்லை என்று மின்வாரியம் அபராதம் கட்டியது. பிறகு ஒவ்வொன்றாகச் சரி செய்தார்கள், இன்றுவரை லட்சக்கணக்கான டன் பிடித்திருக்கிறார்கள், அதைக் குறைத்துப் பேச மாட்டேன், ஒரு பிளான்ட்டை ஓட்டி ஓட்டிச் சரிசெய்வதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த இரண்டு யூனிட்டுகளுக்கும் இதையே மாட்டலாமா என்று கேள்வி வந்தபோது, 2018 ஜூலையில், வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். ஒன்றைக் கட்டி ஓட்டிப் பார்த்தவன் இரண்டாவதை வேண்டாம் என்றால் அதற்கு மேல் எனக்கு விமர்சனக் கட்டுரை எதுவும் தேவையில்லை.

அடுத்தது டெக்சாஸில் பெட்ரா நோவா என்ற திட்டம். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் டபிள்யூ. ஏ. பாரிஷ் மின்நிலையத்தில் 2017-ல் தொடங்கியது, சுமார் நூறு கோடி அமெரிக்க டாலர், ஜப்பானிய மிட்சுபிஷியின் கரைசல். பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை, சொன்ன நேரத்தில் சொன்ன செலவில் முடித்தார்கள். நீராவிக்காக டர்பைனில் கை வைக்கக்கூடாது என்று தனியாக ஒரு எரிவாயு யூனிட் கட்டி அதிலிருந்து எடுத்தார்கள். அந்த எரிவாயு யூனிட்டின் புகையை யாரும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடித்த வாயு 130 கிலோமீட்டர் குழாயில் போய், வறண்டுவந்த ஓர் எண்ணெய் வயலுக்குள் இறங்கி, மிச்ச எண்ணெயை வெளியே தள்ளியது. எண்ணெய் விற்ற காசில் பிளான்ட் ஓடியது. 2020-ல் கொரோனா வந்து எண்ணெய் விலை சரிந்ததும் மே மாதம் பிளான்ட்டை நிறுத்திவிட்டார்கள். 2022-ல் ஒரு கூட்டாளி தன் பாதிப் பங்கை விற்றபோது கிடைத்தது வெறும் 36 லட்சம் டாலர். எண்ணெய் விலை தேறிய பிறகு 2023 செப்டம்பரில் மறுபடி ஓட்டினார்கள். பூமியின் வெப்பத்தைக் குறைக்கும் இயந்திரம் எண்ணெய் விலையைப் பார்த்து ஓடுவதும் நிற்பதும், என்னத்தைச் சொல்வது.

மிசிசிப்பி மாநிலத்தின் கெம்பர் கதை இன்னும் மோசம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே புகையைப் பிடிப்பதற்குப் பதிலாக நிலக்கரியை எரிக்கும் முன்பே வாயுவாக்கி, அதிலிருந்து கார்பனைப் பிரிக்கும் திட்டம். மூன்று பில்லியன் டாலருக்குள் முடியும் என்று ஆரம்பித்து ஏழரை பில்லியனைத் தொட்டது. 2017 ஜூனில் அந்த வேலையைக் கைவிட்டு சாதா இயற்கை எரிவாயுவில் ஓட்டினார்கள். 2021-ல் வாயுவாக்கும் கட்டமைப்பை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இப்போது தூத்துக்குடிக்குத் திரும்பினால் அது ஏன் மானியமில்லாமல் நடந்தது என்பது புரியும். ஐஐடி கரக்பூரில் படித்த அனிருத்த சர்மா, பிரதீக் பும்ப் என்ற இருவர் 2009-ல் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைசல் அது. சாதா அமீனைவிட வெப்பம் குறைவாகக் கேட்கும், இரும்பை அவ்வளவாக அரிக்காது, டன்னுக்கு 30 டாலரில் முடியும் என்றார்கள். நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் முக்கியமான விஷயம் வாங்குபவர் பக்கத்தில் இருந்தது. சோடா ஆஷ் தயாரிக்க உப்பு, அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு மூன்றும் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு அந்த ஆலைக்குக் கழிவு இல்லை, காசு கொடுத்து வாங்கும் மூலப்பொருள், அதுவும் தடையில்லாமல் கிடைக்காத மூலப்பொருள். தான் ஒரு வியாபாரி, பூமியைக் காப்பாற்றுவது பற்றியெல்லாம் யோசிக்கவில்லை, நம்பகமாக வாயு கிடைக்க இதுதான் நல்ல வழியாக இருந்தது என்கிற மாதிரி ஆலை நிர்வாகியே பிபிசியிடம் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இந்தத் துறையில் வந்த அறிக்கைகளில் இப்படி ஒரு தெளிவான வாக்கியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, அளவைப் பார்ப்போம். அதே ஊரில் தூத்துக்குடி அனல்மின் நிலையம் இருக்கிறது, 210 மெகாவாட் யூனிட் ஐந்து, மொத்தம் 1,050 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், முழு வீச்சில் ஓடும் நாளில் 24,000 டன் வெளியே போகும். ஆலை வருடம் முழுக்கப் பிடிக்கும் 60,000 டன் என்பது பக்கத்து மின்நிலையத்தின் இரண்டரை நாள் புகை. மின்நிலையப் புகையோடு ஒப்பிட்டால் உலகத்தில் சோடா ஆஷுக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம்தான், குளிர்பானத்துக்கு வேண்டியதும் அப்படித்தான், யூரியாவுக்கு வேண்டியதை உரத் தொழிற்சாலைகள் தாங்களே பிடித்துக்கொள்கின்றன. மின்நிலையங்கள் விடும் அளவுக்கு வாங்க ஆளே கிடையாது. அதோடு சோடா ஆஷைக் கண்ணாடி உலையில் போட்டு உருக்கும்போது பிடித்த கார்பன் டை ஆக்சைடு மறுபடி வெளியே வந்துவிடும். பிடித்ததைக் கொஞ்ச காலம் வைத்திருந்து விடுகிறோம், அவ்வளவே.

மத்தியப் பிரதேசத்தில் மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசியின் விந்தியாச்சல் நிலையம், 4,760 மெகாவாட், நாட்டிலேயே பெரிய அனல்மின் நிலையம். அங்கே 2022-ல் ஒரு நாளைக்கு 20 டன் பிடிக்கும் பிளான்ட்டை ஆரம்பித்தார்கள், பிடித்த வாயுவோடு ஹைட்ரஜனைச் சேர்த்து மெத்தனால் என்ற திரவ எரிபொருள் செய்யும் திட்டம். இந்த 20 டன்னை அந்த நிலையம் முழு வீச்சில் ஓடினால் சுமார் 16 விநாடியில் விட்டுவிடும். சோதனை பிளான்ட்தானே, சின்னதாகத்தான் இருக்கும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய கவலை அளவில் இல்லை, கணக்கில். 20 டன் கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் மெத்தனாலாக்க 2.7 டன் ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து அவ்வளவு ஹைட்ரஜன் எடுக்க கிலோவுக்கு 55 யூனிட் வீதம் ஒன்றரை லட்சம் யூனிட் மின்சாரம் ஆகும். அந்த 20 டன் புகையை உண்டாக்கியபோது மின்நிலையத்துக்குக் கிடைத்த மின்சாரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 21,000 யூனிட். இருபத்தோராயிரத்தின் புகையை எரிபொருளாக்க ஒன்றரை லட்சம். அந்த ஒன்றரை லட்சம் சூரிய மின்சாரமாக இருந்தால், அதை நேராக வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, அந்த 20 டன்னைப்போல் ஏழு மடங்கு புகை விடும் நிலக்கரியை எரிக்காமலே இருந்திருக்கலாமே! காகிதத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் வரும் கணக்கு இது. கப்பலுக்கும் ரசாயன ஆலைகளுக்கும் மெத்தனால் வேண்டியிருக்கிறது, அதற்காக இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் சரி. நிலக்கரி மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் வழி என்று சொன்னால் ஒப்பமாட்டேன்.

விற்க முடியாதென்றால் புதைக்கத்தான் வேண்டும். புதைக்க முடியும், அதிலும் சந்தேகம் வேண்டாம். நார்வேக்காரர்கள் வடகடலில் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் கடலடிப் பாறைக்குள் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வாக்கில். காரணம், அந்த நாடு 1991-லேயே கடல் எண்ணெய் வயல்களின் கார்பன் டை ஆக்சைடுக்கு வரி போட்டது. வெளியே விட்டால் வரி, புதைத்தால் வரி இல்லை. அமெரிக்கா வரி போடாமல் வரிச்சலுகை கொடுக்கிறது, 2022 சட்டத்தின்படி நிலத்தடியில் புதைக்கும் டன்னுக்கு 85 டாலர் வரை. நம் ஊரில் இரண்டும் அந்த அளவில் இல்லாதபோது எந்த மின்வாரியம் இதற்குக் காசு போடும்? ஏற்கெனவே கடனில் இருக்கும் வாரியங்கள் அவை.

இங்கே இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அமீனைக் கந்தகம் கெடுக்கும் என்றேன் அல்லவா? அதனால் கார்பனைப் பிடிக்கும் முன் கந்தக டை ஆக்சைடை ஏறக்குறைய முழுவதுமாக எடுக்கும் கருவி இருக்க வேண்டும். அந்தக் கருவியை மாட்டச் சொல்லி மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி போட்டது. கெடு 2017. அப்புறம் 2022 ஆனது, அப்புறம் மேலும் தள்ளிப்போனது, கடைசியில் 2025 ஜூலையில் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அதுவே தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணம். சாம்பலும் கந்தகமும் போகாத புகையில் அமீன் கோபுரம் கட்டுவதைப் பற்றி மேடைகளில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மற்ற வழிகளும் இருக்கின்றன. காற்றுக்குப் பதில் சுத்த ஆக்சிஜனில் எரித்தால் புகையில் நைட்ரஜனே இருக்காது, பிரிக்கும் வேலை மிச்சம். ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸே பும்பேயிலும் ஆஸ்திரேலியாவில் கலைடிலும் செய்து பார்த்து, இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கவும் மின்சாரம் வேண்டும் என்பது இதிலுள்ள சிக்கல். ரோட்னி ஆலம் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த சுழற்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நீராவிக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடையே அழுத்தி டர்பைனைச் சுற்றவைப்பது, மிஞ்சும் கார்பன் டை ஆக்சைடு தானாகவே குழாய்க்குத் தயாரான அழுத்தத்தில் வெளிவரும். டெக்சாஸின் லா போர்ட்டில் சோதனை நிலையம் கட்டி 2021-ல் மின்தொகுப்போடு இணைத்துக் காட்டினார்கள். ஆனால் அது எரிவாயுவுக்கானது, நம்மிடம் இருப்பது சாம்பல் நிறைந்த நிலக்கரி.

அலட்டிக்கொள்ளாமல் பலன் கொடுக்கும் வழி திறனைக் கூட்டுவது. பழைய 210 மெகாவாட் யூனிட் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். நீராவியின் சூட்டையும் அழுத்தத்தையும் ஏற்றினால் இது 40 சதவீதத்தைத் தாண்டும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பெல், என்டிபிசி மூன்றும் சேர்ந்து 700 டிகிரிக்கு மேல் நீராவியைத் தாங்கும் உலோகக் குழாய்களுக்காக வேலை செய்தன, 46 சதவீதம் இலக்கு. இந்த வெப்பத்தில் சாதா எஃகு மெழுகாகிவிடும், நிக்கல் கலவை வேண்டும், அதை வெல்டிங் செய்வதே ஒரு தனிக் கலை, திருச்சி பெல் ஆட்களைக் கேட்டால் தெரியும். கார்பன் பிடிப்பு மாதிரி தலைப்புச் செய்தி ஆகாத ஆராய்ச்சி, ஆனால் ஒரு சதவீதம் திறன் கூடினால் புகை இரண்டு மூன்று சதவீதம் குறையும், அதுவும் நிலக்கரிச் செலவு குறைந்து. பழையதை மூடுவதும் இதில் சேர்த்திதான். எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடியபோது குறைந்த புகைக்கு எந்த அமீனும் தேவைப்படவில்லை.

சித்தப்பாவின் கேள்விக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு தனிக் காரணமும் உண்டு. மே கடைசியில் காற்று சீசன் ஆரம்பித்தால் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுற்றும், பகலில் சூரிய மின்சாரம் வேறு. அப்போதெல்லாம் அனல்மின் யூனிட்டைப் பாதி லோடுக்கு இறக்குவார்கள், இல்லையென்றால் நிறுத்தியே வைப்பார்கள். ஆயிரக்கணக்கான கோடியில் கட்டிய கார்பன் பிடிப்புக் கருவி வருடம் முழுக்க ஓடினால்தான் டன்னுக்கு இவ்வளவு என்ற கணக்கு கட்டுப்படியாகும். பாதி வருடம் பாதி லோடில் ஓடினால் டன் விலை எங்கேயோ போய் நிற்கும். ஏற்றி இறக்கி ஓட்டினால் நீராவிச் சமநிலையும் கெடும், ஆபரேட்டர் பாடு திண்டாட்டம்.

அப்படியானால் இந்தத் தொழில்நுட்பமே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்லவில்லை. எங்கே வேறு வழி இல்லையோ அங்கே வேண்டும். சிமென்ட் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதே இல்லை, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வருகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது வரும். அரியலூரில் வருடத்துக்கு ஐந்து லட்சம் டன் பிடிக்கும் பிளான்ட் கட்டுவதாக 2019-ல் டால்மியா சிமென்ட், தூத்துக்குடியில் வேலை செய்த அதே கார்பன் கிளீனோடு ஒப்பந்தம் போட்டதை அறிவித்தது. மின்நிலையத்தைவிட அரியலூர் பொருத்தமான இடம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அங்கேயும் ஐந்து லட்சம் டன்னை எங்கே வைப்பது என்ற கேள்வி நிற்கிறது. அரியலூருக்குக் கிழக்கே காவிரிப் படுகையின் படிவுப் பாறைகள் இருக்கின்றன, 800 மீட்டருக்குக் கீழே இறக்கினால் வாயு அடர்ந்து திரவம் மாதிரி அடங்கும், மேலே நீர் புகாத பாறை மூடி இருக்க வேண்டும். ஆனால் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-ல் எப்படிக் கொதித்தன என்று நாம் பார்த்தோம். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டமே வந்துவிட்டது. மிசிசிப்பியில் சட்டார்ஷியா கிராமத்துக்குப் பக்கத்தில் 2020 பிப்ரவரியில் கார்பன் டை ஆக்சைடுக் குழாய் வெடித்து, மூச்சுத்திணறி நாற்பத்தைந்து பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஆக்சிஜன் இல்லாமல் கார் இன்ஜின்கள் நின்றுபோயின. இதைத் தெரிந்துகொண்ட எந்தத் தஞ்சாவூர் விவசாயியும் தன் வயலுக்கடியில் குழாய் போக விடமாட்டார், விடவும் கூடாது. ஆகவே கடலுக்கடியில்தான் பார்க்க வேண்டும். கோபுரம் வாங்க டெண்டர் விடுவதற்கு முன்னால் காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பாறை எவ்வளவு தாங்கும் என்று துளைபோட்டு அளந்து, அந்த அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி தமிழிலும் வெளியிடட்டும். அதைத்தான் இப்போது கேட்க வேண்டும் என்று சித்தப்பாவுக்குப் பதில் போடப்போகிறேன்.